ரத்தான சட்டம், அழியாத எழுத்து

கணவனை இழந்த பெண் மறுமணத்துக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான பகராவில் இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. 234-ஆம் வசனம் நான்கு மாதம் பத்து நாள் என்கிறது. ஆறு வசனம் தள்ளி, 240-இல், சாகும் கணவன் தன் மனைவிக்கு ஓராண்டுப் பராமரிப்பை மரண சாசனமாக வைத்துவிட்டுப் போக வேண்டும், அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று இருக்கிறது. நடைமுறையில் நிலைத்தது முதல் விதிதான். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இன்று ‘இத்தா’ இருக்கும் பெண் எண்ணுவது நான்கு மாதம் பத்து நாளைத்தான்.

அப்படியானால் அந்த இன்னொரு வசனம் எதற்கு? இந்தக் கேள்வியை நாமாக எழுப்ப வேண்டியதில்லை. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் 7-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். கலீஃபா உஸ்மான் குர்ஆனுக்கு அதிகாரபூர்வப் படிகள் எடுக்க அமர்த்திய நால்வரில் அவரும் ஒருவர். இந்த வசனத்தின் சட்டத்தைத்தான் மற்ற வசனம் ரத்து செய்துவிட்டதே, பிறகு ஏன் இதை எழுதுகிறீர்கள், விட்டுவிடலாமே என்பது அவர் உஸ்மானிடம் கேட்டது. உஸ்மானின் பதிலை புகாரியின் ஹதீஸ் தொகுப்பு பதிந்திருக்கிறது. இதில் எதையும் அதன் இடத்திலிருந்து நான் மாற்ற மாட்டேன் என்றார் அவர். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

இதில் ஒரு விநோதமும் உண்டு. ரத்து செய்த வசனம் முன்னால் இருக்கிறது, ரத்தான வசனம் பின்னால் வருகிறது. புத்தகத்தை வரிசையாகப் படிப்பவருக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். வசனங்கள் இறங்கிய வரிசை வேறு, ஏட்டில் அமைந்த வரிசை வேறு. தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் ஒழுங்குபடுத்தியிருக்கலாம். செய்யவில்லை.

ஒரு சட்டம் காலாவதியாகி, அதற்கு இன்னொரு சட்டம் வருவதை இஸ்லாமிய மரபு ‘நஸ்க்’ என்கிறது. ரத்து செய்வது நாஸிக், ரத்தானது மன்ஸூக். இறைச்செய்தி ஒரே நாளில் ஒரே நூலாக வந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. கி.பி. 610 முதல் 632 வரை, ஏறத்தாழ 23 ஆண்டுகளில், துண்டு துண்டாக வந்தது அது. தொடக்கத்தில் கேட்டவர்கள் மக்காவில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த சிறு கூட்டம். கடைசியில் கேட்டவர்கள் அரேபியாவையே ஆண்டுகொண்டிருந்த சமூகம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்?

மதுவை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அதில் நன்மையும் உண்டு, கேடு அதைவிடப் பெரிது என்று ஒரு வசனம் வந்தது. பிறகு போதையோடு தொழுகைக்கு வராதீர்கள் என்றது இன்னொன்று. மூன்றாவதாக வந்தது முழுத் தடை. மூன்றும் இன்று ஏட்டில் இருக்கின்றன. தொழும் திசையும் மாறியது. மதீனா வந்த பின் பதினாறு, பதினேழு மாதங்கள் ஜெருசலேமை நோக்கித் தொழுதவர்கள், 624-இல் மக்காவின் கஅபா பக்கம் திரும்பினார்கள். அதன் நினைவாக ‘இரண்டு கிப்லாக்களின் பள்ளிவாசல்’ மதீனாவில் இன்றும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் குறைந்த ஆயுள் கொண்ட விதி 58-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. நபிகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று ஆளுக்கு ஆள் வந்து நிற்கும் நிலை. தனியே பேச விரும்புவோர் முதலில் ஏழைகளுக்கு ஏதாவது தருமம் செய்துவிட்டு வாருங்கள் என்று 12-ஆம் வசனம் இறங்கியது. கூட்டம் கரைந்துபோனது. நபிகளின் மருமகன் அலீ மட்டும் ஒரு தீனாரைப் பத்து திர்ஹமாக மாற்றிக்கொண்டு, பேசப்போகும் ஒவ்வொரு முறையும் ஒரு திர்ஹம் தருமம் செய்தாராம். அதற்குள் அடுத்த வசனமே வந்து அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. உலகில் இந்தக் கட்டளைப்படி நடந்த ஒரே மனிதர் அலீ என்கிறது மரபு. யாரும் இனி நிறைவேற்ற முடியாத அந்தக் கட்டளையை ஹாஃபிழ்கள் பதினான்கு நூற்றாண்டாக மனப்பாடம் செய்துவருகிறார்கள்.

எழுத்தைக் காப்பது என்பது அப்போது சொல்வதுபோல் எளிதாக இல்லை. நபிகள் மறைந்தபோது குர்ஆன் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தைத்த நூலாக இல்லை. பேரீச்சை மட்டையிலும், வெண்ணிறத் தட்டைக் கற்களிலும், ஒட்டகத் தோள்பட்டை எலும்பிலும், தோல் துண்டுகளிலும், எல்லாவற்றுக்கும் மேலாக மனித நினைவிலும் அது சிதறி இருந்தது. அந்த நினைவுக்குத்தான் முதலில் ஆபத்து வந்தது. தன்னையும் நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவுக்கு எதிரான யமாமா போரில் மனப்பாடம் செய்தவர்கள் பலர் மாண்டார்கள். குர்ஆனைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நபிகளே கைகாட்டிய நால்வரில் ஒருவரான ஸாலிம் அந்தக் களத்தில் விழுந்தார்.

நபிகளின் தோழர் உமர் பதறிப்போய் கலீஃபா அபூபக்ரிடம் ஓடினார். நபிகள் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வேன் என்று அபூபக்ர் முதலில் தயங்கினார். கடைசியில் பொறுப்பு ஸைத் இப்னு ஸாபித்தின் தலையில் இறங்கியது. மதீனாக்காரர், இளைஞர், நபிகளுக்கு இறைச்செய்தியை எழுதிக்கொடுத்தவர். ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று அவர் பின்னாளில் சொன்னாராம்.

அவர் வேலை செய்த முறைதான் முக்கியம். பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்து, எழுத்தில் கொண்டுவருபவர்களிடம் இரண்டு சாட்சி கேட்டார்கள் என்று மரபுச் செய்திகள் சொல்கின்றன. தவ்பா அத்தியாயத்தின் கடைசி வசனங்கள் ஒரே ஒரு மதீனாவாசியிடம்தான் எழுத்தில் கிடைத்தன. இன்னொரு செய்தி இன்னும் சுவையானது. விபசாரக் குற்றத்துக்குக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் வசனம் என்று ஒன்றை உமரே கொண்டுவந்தாராம். அவர் தரப்பில் இரண்டாம் சாட்சி இல்லை. ஸைத் எழுதவில்லை. வேலையைத் தொடங்கிவைத்தவரே கொண்டுவந்தும் கதவு திறக்கவில்லை.

ஸைத் சேர்த்த ஏடுகள் அபூபக்ரிடம் இருந்தன, பிறகு உமரிடம், அவருக்குப் பின் அவர் மகளும் நபிகளின் துணைவியருள் ஒருவருமான ஹஃப்ஸாவிடம். பல ஆண்டுகள் அப்படியே இருந்தன. அதற்குள் இஸ்லாம் ஆர்மீனியா வரை போய்விட்டது. அங்கே போர் முனையில் சிரியாக்காரர்களும் ஈராக்காரர்களும் ஆளுக்கு ஒரு விதமாக ஓதிக்கொண்டு சண்டையிட்டதைப் பார்த்துத் திகைத்த ஹுதைஃபா என்ற தளபதி, மதீனா திரும்பியதும் உஸ்மானிடம் முறையிட்டார். உஸ்மான் ஹஃப்ஸாவின் ஏடுகளை வாங்கி, ஸைத் தலைமையில் நால்வரை உட்கார வைத்தார். 650-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படிகள் பெரிய நகரங்களுக்குப் போயின. மற்ற ஏடுகளை எரித்துவிடச் சொல்லி உத்தரவும் போனது.

எரிப்பதா? ஈராக்கின் கூஃபாவில் நபிகளின் தோழர் இப்னு மஸ்ஊத் கொதித்தார். ஸைத் சிறுவனாக விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் எழுபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்களை நபிகளின் வாயிலிருந்தே நேராகக் கற்றவன் நான் என்பது அவர் ஆதங்கம். அவருடைய ஏட்டில் முதல் அத்தியாயமும் கடைசி இரண்டும் இல்லை என்றும், உபை இப்னு கஅப் என்ற தோழரின் ஏட்டில் இரண்டு சிறு பிரார்த்தனைகள் கூடுதலாக இருந்தன என்றும் பழைய முஸ்லிம் நூல்களே எழுதிவைத்திருக்கின்றன. உஸ்மானின் அரசியலோடு உடன்படாதவர்கள் பலர் இருந்தாலும், இந்தக் காரியத்தில் அலீ அவர் பக்கம்தான் நின்றார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பேன் என்று அவர் சொன்னதாகச் செய்தி.

உஸ்மான் அனுப்பிய படிகளுக்குள்ளும் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருந்தன. டமாஸ்கஸ் படியில் ஓரிடத்தில் ஒரு சிறு சொல் இல்லை, கூஃபா படியில் இருக்கிறது. இப்படிச் சில டஜன் இடங்கள். வேறு யாராக இருந்தாலும் கமுக்கமாகத் திருத்தி ஒன்றாக்கியிருப்பார்கள். முஸ்லிம் அறிஞர்கள் பட்டியல் போட்டார்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அத்தானீ எந்த ஊர்ப் படியில் எந்த எழுத்து என்று ஒரு நூலே எழுதினார். விதவைக்கு ஓராண்டு சொன்ன வசனத்தை விட்டுவைத்த மனப்பான்மைதான் இதிலும் இருக்கிறது.

இவ்வளவு கறாராகக் காத்த மரபுக்கு ஒரு முள் உண்டு. வசனம் போய்விட்டது, சட்டம் மட்டும் இருக்கிறது என்று ஒரு வகை நஸ்க் பேசப்படுகிறது. அதன் முதல் உதாரணம் உமர் கொண்டுவந்த அதே கல்லெறி வசனம்தான். குர்ஆனில் இன்று இருப்பது நூறு கசையடி. தன் வாழ்வின் கடைசி நாட்களில், மதீனா பள்ளிவாசலின் பிரசங்க மேடையில் ஏறி உமர் கவலையோடு பேசினார். காலம் நீண்டால், இந்தத் தண்டனை இறைநூலில் இல்லையே என்று மக்கள் சொல்லத் தொடங்குவார்கள் என்பது அவர் அச்சம். பாலூட்டியதால் ஏற்படும் பால்குடி உறவுக்குப் பத்து முறை என்றிருந்து, ஐந்து முறை என்று மாறிய ஒரு வசனம் இருந்ததாக ஆயிஷாவின் பெயரால் வரும் செய்தியும் இந்த வகைதான். எந்த ஏட்டிலும் அது இல்லை.

பெரும்பாலான சட்ட வல்லுநர்கள் இந்த வகையை ஏற்றார்கள். முஃதஸிலா என்ற இறையியல் பிரிவினரில் சிலர் மறுத்தார்கள். ரத்தான சட்டத்தின் எழுத்தை வைத்திருப்பதில் ஒரு நேர்மை தெரிகிறது. எழுத்தே இல்லாத ஒன்றின் பேரில் உயிரை வாங்கும் சட்டத்தை நிறுத்துவது வேறு விஷயம். இந்தக் கட்டிடத்தில் மிகவும் பலவீனமான செங்கல் இதுதான்.

பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் பர்ட்டன் 1977-இல் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு துணிச்சலான வாதம் வைத்தார். குர்ஆனை முழுமையாகத் தொகுத்தவர் நபிகளேதான், அபூபக்ர், உஸ்மான் தொகுத்த கதைகளெல்லாம் பின்னாளில் எழுந்தவை, ஏட்டில் இல்லாத வசனங்களுக்கு இடம் தேடிய சட்ட வல்லுநர்களுக்கு முழுமையில்லாத ஏடு ஒன்று தேவைப்பட்டது என்றார். அதே ஆண்டில் ஜான் வான்ஸ்பரோ நேர் எதிராக, குர்ஆன் இன்றைய உருவம் பெறவே இருநூறு ஆண்டுகள் ஆயின என்றார். ஒரே சான்றுகளைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு கோடிக்குப் போனார்கள்.

மறுபுறம், எது ரத்து எது இருப்பு என்று அறிவதே ஒரு தனிக் கல்வியானது. கூஃபாவில் கூட்டம் சேர்த்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஒருவரிடம் நாஸிக் எது, மன்ஸூக் எது என்று தெரியுமா என அலீ கேட்டாராம். தெரியாது என்றார் பிரசங்கி. நீயும் கெட்டாய், மற்றவர்களையும் கெடுத்தாய் என்று அலீ முகத்துக்கு நேரே சொன்னாராம். 820-இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ இதற்கு விதிமுறை வகுத்தார். குர்ஆனைக் குர்ஆன் மட்டுமே ரத்து செய்யலாம், நபிவழி செய்ய முடியாது என்பது அவர் கட்சி. ஹனஃபி சட்டப் பிரிவினர் ஒப்பவில்லை.

கல்வி வளர வளரப் பட்டியலும் ஊதிப்பெருத்தது. 1019-இல் மறைந்த பக்தாத் அறிஞர் ஹிபத்துல்லாஹ் இப்னு ஸலாமா ரத்தானவை என்று இருநூறுக்கு மேல் காட்டினார். கண்பார்வை இல்லாதவர், மன்சூர் பள்ளிவாசலில் பாடம் நடத்தியவர். ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைப் புகழும் வசனத்தில் (76:8) கைதி என்ற பகுதி மட்டும் ரத்து என்று அவர் நூலில் எழுதிவைத்திருந்தார். ஒரு நாள் நூலை அவர் முன் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த அவர் மகள் குறுக்கிட்டாள்: இந்த இடத்தில் தவறிவிட்டீர்கள் வாப்பா. எப்படி என்று கேட்டார் தந்தை. கைதிக்குச் சோறு போட வேண்டும், பசியால் சாகடிக்கக் கூடாது என்பதில் முஸ்லிம்கள் அனைவரும் ஒருமித்திருக்கிறார்களே என்றாள். நீ சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை, அவள் சொன்னது நின்றுவிட்டது.

‘வாள் வசனம்’ என்று பெயர்பெற்ற 9:5-இன் பேரில்தான் கணக்கு எல்லை மீறியது. பொறுமை, மன்னிப்பு பேசும் நூற்றுக்கும் அதிகமான வசனங்களை அந்த ஒரே வசனம் ரத்து செய்துவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. செவில் நகர நீதிபதியாக இருந்த இப்னுல் அரபீ (மறைவு 1148) இன்னும் ஒரு படி போய், அவ்வளவையும் ரத்து செய்த பிறகு, அதன் கடைசிப் பகுதி அதன் முதல் பகுதியையே ரத்து செய்துவிட்டது என்றார்.

பிறகு காற்று திரும்பியது. 1505-இல் மறைந்த எகிப்தின் ஸுயூத்தீ பட்டியலைச் சல்லடையில் சலித்து இருபதாகக் குறைத்தார். 18-ஆம் நூற்றாண்டில் டெல்லியின் ஷா வலியுல்லாஹ் அந்த இருபதிலும் கைவைத்து ஐந்தில் நிறுத்தினார். பொது விதியும் விதிவிலக்கும் தம்முள் மோதவில்லை, கட்டாயம் விருப்பமாக மாறினால் அது ரத்தாகாது என்பதுதான் அவர் வழி. விதவைக்கு ஓராண்டும், தனியே பேசத் தருமமும் அவருடைய ஐந்தில் அடங்கும். அடுத்த நூற்றாண்டில் அலிகாரின் சர் சையது அகமது கான் அந்த ஐந்தும் வேண்டாம் என்றார்.

ஐந்திலும் சந்தேகம் உண்டு என்பதற்கு விதவை வசனமே சாட்சி. ஆரம்பகால மக்கா அறிஞர் முஜாஹித், 240-ஆம் வசனம் ரத்தே ஆகவில்லை என்றார். நான்கு மாதம் பத்து நாள் கடமை, மீதி ஏழு மாதம் இருபது நாள் அவள் விரும்பினால் கணவன் வீட்டில் தங்கும் உரிமை. இஸ்லாத்துக்கு முன் அரேபியாவில் விதவை இருந்த இருப்பை நினைத்துப் பார்த்தால் இதன் எடை புரியும். குச்சு போன்ற சிறு குடிலில், இருப்பதிலேயே மோசமான உடையில், வாசனைத் திரவியம் தொடாமல் ஓராண்டு அடைந்து கிடப்பாள். ஆண்டு முடிந்ததும் அவள் கையில் ஒட்டகச் சாணம் கொடுப்பார்கள், அதை வீசி எறிந்துவிட்டு வெளியே வருவாள்.

எழுத்து நின்றதால் நேர்ந்த இன்னொரு விளைவை எகிப்தின் சட்டப் புத்தகத்தில் பார்க்கலாம். தாய் தந்தைக்கும் உறவினருக்கும் சொத்தில் சாசனம் எழுதச் சொல்லும் 2:180-ஐ, வாரிசுரிமை வசனங்கள் வந்த பிறகு ரத்தானதாகவே பெரும்பாலோர் கொண்டார்கள். ஷா வலியுல்லாஹ்வின் ஐந்திலும் அது ஒன்று. 1946-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் சட்டத்தில் எகிப்து அதற்கு மறுபிறவி கொடுத்தது. தந்தை முன்னரே இறந்துபோனதால் பாட்டனின் சொத்தில் பங்கில்லாமல் தெருவில் நின்ற பேரப்பிள்ளைகளுக்கு, கட்டாய சாசனம் என்ற பெயரில் ஒரு பங்கு கிடைத்தது. 1064-இல் மறைந்த ஸ்பெயின் அறிஞர் இப்னு ஹஸ்ம், வாரிசாகாத உறவினர் விஷயத்தில் அந்த வசனம் இன்னும் கடமைதான் என்று எழுதியிருந்தார். அதைத்தான் சட்டம் எழுதியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்னு ஸுபைர் சொன்னபடி ரத்தானவற்றை விட்டிருந்தால் பிடித்துக்கொள்ள என்ன இருந்திருக்கும்?

பழைய ஏடுகள் பற்றிய புதிய செய்திகளும் வந்தபடி இருக்கின்றன. 1972-இல் ஏமன் தலைநகர் ஸன்ஆவின் பெரிய பள்ளிவாசலைச் செப்பனிட்டபோது, கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஈரத்தில் ஒட்டிக்கிடந்த தோல் ஏடுகளைத் தொழிலாளர்கள் கண்டெடுத்தார்கள். சாக்கில் அள்ளிக் கட்டி ஒரு மூலையில் வைத்தார்கள். பிற்பாடு ஜெர்மன் நிபுணர்கள் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் ஒன்று அழித்து எழுதிய ஏடு. மேலே உஸ்மானின் பாடம். அடியில் கழுவித் துடைத்த எழுத்தில், அத்தியாய வரிசையும் சில சொற்களும் மாறிய 7-ஆம் நூற்றாண்டுப் பாடம் ஒன்று. தோழர்களின் ஏடுகள் வேறுபட்டன என்று மரபு சொன்னதற்கு இது கண்கூடான சாட்சி. 2015-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு தாள்களைக் கரிமப் பரிசோதனை செய்தார்கள். தோலின் காலம் 568-க்கும் 645-க்கும் இடையில் என்று வந்தது. வான்ஸ்பரோவின் இருநூறு ஆண்டுக் கணக்கு இதற்குப் பிறகு நிற்பது கடினம்.

நஸ்க் பற்றிய வாதம் ஏட்டறிஞர்களோடு நின்றுவிடவில்லை. சூடானின் மஹ்மூத் முஹம்மத் தாஹா தொழிலால் பொறியாளர். மக்காவில் இறங்கிய வசனங்களே இஸ்லாத்தின் அடிப்படைத் தூது, மதீனா வசனங்கள் 7-ஆம் நூற்றாண்டுச் சமூகத்துக்கான சட்டம் என்றார் அவர். மக்கா வசனங்கள் ரத்தானதாகச் சொல்வது உண்மையில் ஒத்திவைப்பு, அந்தக் காலம் இப்போது வந்துவிட்டது, சமத்துவம் பேசும் வசனங்கள் மேலே வரட்டும் என்பது அவர் வாதம். ரத்தான வசனங்களும் ஏட்டில் அப்படியே இருந்ததால்தான் இப்படி வாதிட முடிந்தது. 1983-இல் ஜனாதிபதி நுமைரி கொண்டுவந்த ஷரீஅத் சட்டங்களை எதிர்த்துத் துண்டறிக்கை வெளியிட்டதற்காக அவர் கைதானார். மதம் மாறியவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 1985 ஜனவரி 18 அன்று கார்ட்டூமின் கோபர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். எழுபது வயதைத் தாண்டியவர். மூன்று மாதத்துக்குள் நுமைரியின் ஆட்சி கவிழ்ந்தது. 1986-இல் சூடானின் உச்ச நீதிமன்றம் தாஹா மீதான தீர்ப்பை ரத்து செய்தது.